என் கோபம் காணாமல் போன வருஷம்

எனக்கு வந்த முதல் அறிகுறி தாகமும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. ஒரு ஆள் என் கண்ணெதிரே என்னை ஏமாற்றினான். எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஜவ்வாது மலையில் எங்களுக்கு ஒரு கடை. உப்பு, மண்ணெண்ணெய், துணி விற்போம். மலைக்காரர்கள் கொண்டுவரும் கடுக்காயையும் சாமையையும் தேனையும் வாங்குவோம். கடுக்காய் வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் இடங்களுக்குப் போகும். அதை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு ஒரு ஏஜெண்ட் வருவான். தொங்கு தராசில் மூட்டையை மாட்டியதும் அடியில் முழங்காலைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடிப்பது அவன் பழக்கம். தராசு எடையைக் குறைத்துக் காட்டும். நான் விடமாட்டேன். நான் போடுகிற சத்தத்துக்கு எதிர் மேட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்றும் முழங்காலைக் கொடுத்தான். பார்த்தேன். ஏதோ சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தது. நினைப்பு வாய்க்கு வந்து சேர்வதற்குள் மூட்டை இறங்கிவிட்டது. போகட்டும் என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஏஜெண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இதை நோய் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்து, கூடவே தைராய்டும் (தொண்டையில் இருக்கும் சுரப்பி, உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான்) மந்தமாகிவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். நயமாக எழுத வராது. பட்டதை எழுதுகிறேன். யார் மனசாவது புண்பட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

சர்க்கரை எனக்கு அதற்குச் சில வருஷம் முன்பே வந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தேன். துணி எல்லாம் தளர்ந்து போகும்படி இளைத்தேன். நான் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதை நானே பார்த்தேன். போளூரில் ஒரு டாக்டர், இனி ஆயுசுக்கும் தினமும் ஊசி என்றார். இன்சுலின் (உடம்பு சர்க்கரையைச் செலவு செய்ய வேண்டிய சாறு, வயிற்றுக்குள் கணையத்தில் ஊற வேண்டியது, எனக்கு ஊறவில்லை) என்று சின்னப் புட்டி கொடுத்தார். குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மலையில் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவேன்? பானையில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதற்குள் புட்டியைப் புதைத்து வைத்தோம். இன்றைக்கும் அப்படித்தான்.

ஊசியின் உடம்பு கண்ணாடி, முனை மட்டும் இரும்பு. தினமும் கொதிக்க வைக்க வேண்டும். முனை மழுங்கினால் என் வீட்டுக்காரர் சவரிமுத்து சாணைக்கல்லில் தீட்டித் தருவார். சரியாகத் தீட்டாத நாளில் அவர் காதில் விழும்படி அவர் பரம்பரையையே இழுப்பேன்.

சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஒரு நீல மருந்துத் தண்ணீர் உண்டு. பெனடிக்ட் கரைசல் என்று பேர். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். ஆரஞ்சு என்றால் அதற்கு மேல். செங்கல் நிறம் வந்தால் தலைக்கு மேலே வெள்ளம். நான் பெரும்பாலும் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் கிடந்தேன். நீலத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு நாளாவது அந்த நீலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் லூர்தம்மாள் மலையேறி வந்தாள். சவரிமுத்துவைவிட மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். சந்தவாசலில் வீடு. அவர்களுக்கு ஆவாரம் பட்டை வியாபாரம். பட்டையை உரித்துக் காயவைத்து, எங்கள் கடுக்காய் போகும் அதே தோல் வேலைக்கு அனுப்புவார்கள். அவள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை இருந்தது. கால் அழுகிச் செத்துப்போனார். அதனால் என் சர்க்கரை என்றால் அவளுக்கு என்னைவிட அதிகப் பயம். ஒரு மூட்டை ஆவாரம் பூவும் பட்டையும் கொண்டுவந்து இறக்கினாள்.

அவள் சொன்ன நியாயம் எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. "செத்த மாட்டுத் தோலையே இந்தப் பட்டை அழுவாம காப்பாத்துது. உசுரோட இருக்கிற உன் தோலைக் காப்பாத்தாதா?" என்றாள். பட்டையையும் கடுக்காயையும் காலம் முழுக்கக் கையில் புரட்டுகிறவர்கள் நாங்கள். கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும்தான்.

தினமும் காலையில் ஒரு லோட்டா கஷாயம். நாக்கை இழுத்துக் கட்டுகிற துவர்ப்பு. ஊசியையும் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் குழாயில் ஆரஞ்சு மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. மழைக்காலம் முடிந்து பனி இறங்கும்போது ஒரு நாள் காலையில் நீலம் நீலமாகவே நின்றது.

குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலுக்கு ஓடினேன். சவரிமுத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாத்தனார் முழங்காலிட்டு ஜெபம் சொன்னாள். சாமை கொண்டுவந்திருந்த மலைக்காரர்கள், என் சிறுநீர் என்று தெரியாமல், என்ன புது மருந்து என்று விசாரித்தார்கள்.

ஊசியின் அளவைப் பாதியாகக் குறைத்தேன். அப்படியும் நீலம்.

பேச்சு பரவிவிட்டது. படவேட்டுப் பக்கமிருந்தும் போளூரிலிருந்தும் சர்க்கரைக்காரர்கள் ஆள் அனுப்பிக் கஷாயம் கேட்டார்கள். நான் ஒரு காட்சிப் பொருள் ஆனேன். நாத்தனார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்வாள். நான் தலையாட்டுவேன். வாயைத் திறந்து சொல்ல எனக்குச் சோம்பலாக இருந்தது.

சர்க்கரை தானாக நல்லபடியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏன் என்று கேளுங்கள். கெடும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறோம். நல்லதாகும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

குளிர ஆரம்பித்தது. மலையில் பனிக்காலம் என்றால் எல்லோருக்கும் குளிரும். எனக்கு மட்டும் மாசி போய், பங்குனி போய், சித்திரை வெயிலிலும் கம்பளி தேவைப்பட்டது. தோல் காய்ந்து தடித்து, முழங்கையைத் தேய்த்தால் பொருக்கு உதிர்ந்தது. புருவத்தின் வெளிமுனை மயிர் கொட்டிப்போனது. மலம் கழிக்கப் பட்ட பாட்டை எழுத வேண்டாம். தொண்டை தடித்துக் குரல் ஆம்பிளைக் குரலானது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிவு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பகலிலும் தூங்கினேன்.

இத்தனைக்கும் விளக்கம் தயாராக இருந்தது. தோல் தடித்ததைப் பார்த்த நாத்தனார், "பட்டை வேலை செய்யிது" என்று சந்தோஷப்பட்டாள். பதனிட்டால் தோல் தடிக்கத்தானே செய்யும். முகம் உப்பியதற்கு, சதை பிடித்து முகம் களையாகிவிட்டது என்றார்கள். தூக்கத்துக்கு, இத்தனை வருஷம் கத்திக் கத்தி ஓய்ந்த உடம்பு, தூங்கட்டும் என்றார்கள்.

கோபம் போனதுதான் அவர்களுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. மாதம் ஒரு தடவை பூசை வைக்க மலைக்கு வரும் சாமியார், என்னிடம் ஒரு சாந்தம் வந்திருப்பதாகப் பிரசங்கத்திலேயே சொன்னார். என்னிடம் திட்டு வாங்காதவர் மலையில் யாரும் இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உதடு தாமதமாகத்தான் அசைந்திருக்கும். ஒரு பெண்பிள்ளை வாயை மூடினால் அதற்குள் வியாதி இருக்கிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. சர்க்கரைத் தாழ்வு இல்லை, ஆத்திரம்தான்.

சர்க்கரைத் தாழ்வையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது மட்டும் ஆபத்தில்லை, திடீரென்று இறங்குவதும் ஆபத்து. வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். கவனிக்காவிட்டால் நினைவு தப்பும். ஒரு நாள் விடிந்து நேரமாகியும் நான் எழுந்திருக்கவில்லை. சவரிமுத்து உலுக்கியிருக்கிறார். உடம்பெல்லாம் ஈரம், கண் திறக்கவில்லை. கடையில் ஓடிப்போய்த் தேன் புட்டியை எடுத்து வந்திருக்கிறார்.

நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "சக்கரக்காரி வாயில தேனையா ஊத்துற? எம் புருசன் செத்தது போதாதாடா?"

"உடு அக்கா," என்று கையை உதறிவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் தேனைத் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். போளூர் டாக்டர் முன்பே சொல்லிக் கொடுத்தது அது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். கன்னத்தில் தடவத்தான் வேண்டும். நான் கண்ணைத் திறந்தேன். நாத்தனார் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் பார்த்த சாவு அப்படி.

அதற்குப் பிறகும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. கஷாயம் வேகமாக வேலை செய்கிறது, ஊசியை இன்னும் குறைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு உடைந்த ஊசி.

கொதிக்க வைத்த ஊசியைச் சவரிமுத்து இடுக்கியால் எடுத்துக்கொண்டு வந்தார். கல் தரையில் விழுந்து தூள் தூளானது. மலையில் அது ஒன்றுதான் இருந்தது. வேறு வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். முந்தைய வருஷமாக இருந்தால் அவர் அன்று வீட்டுக்குள் சாப்பிட்டிருக்க முடியாது.

"ஊசி ஒடஞ்சிட்ச்சி," என்றார்.

"சரி," என்றேன்.

"கண்ணாடி ஊசி, சகாயம். போளூர் போனாதான் கெடைக்கும்."

"சரி உடுங்க."

அவர் அங்கேயே நின்றார். மழையில் ஒதுங்கியவர் மழை நிற்கக் காத்திருப்பதுபோல நின்றார். நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றார். "எங்கடி போன நீ?"

கேள்வி நல்ல கேள்வி என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் மூங்கில் லாரியில் என்னை ஏற்றினார். நாத்தனார் வேண்டாம் என்றாள். நோய் குணமானவளை எதற்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறாய் என்று சண்டை போட்டாள். அவர் கேட்கவில்லை. போளூரில் இறங்கி, பஸ் பிடித்து வேலூர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் வெயில் கொளுத்தியது. நான் கம்பளியைக் கழற்றவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என்னைத் தொத்து நோய்க்காரி என்று நினைத்து எழுந்து போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. வயசு அதிகமில்லை. என்னைப் பேசவிட்டுக் கேட்டார். நான் என்ன சொல்கிறேன் என்பதைவிட எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பதுபோல இருந்தது. புருவத்தைத் தடவினார். நாற்காலியில் முழங்காலிட்டு, பாதம் வெளியே தொங்கும்படி நிற்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பில் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி வர அவசரப்படவில்லை. மெள்ள மெள்ள, தூங்கி எழுந்த ஆள்போல, தன் இடத்துக்கு வந்தது.

டாக்டரம்மா மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே தாமதம். சவரிமுத்துவைக் கூப்பிட்டு, இவர்கள் முன்பு எப்படி இருப்பார்கள் என்று கேட்டார்.

"வாயத் தொறந்தா மலையே எறங்கி ஓடும் டாக்டரம்மா," என்றார். "இப்ப கோழி கூட இவளுக்குப் பயப்பட மாட்டேங்குது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கோபம் போனதையும் நோய்க்குறியாக எழுதிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

ரத்தம் எடுத்தார்கள். சாப்பிடாமல் படுக்க வைத்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து மூச்சு விடச் சொன்னார்கள். சும்மா கிடக்கும்போது உடம்பு எவ்வளவு எரிகிறது என்று அளக்கும் சோதனை அது. வலி இல்லை. மூக்கை அடைப்பதால் பயமாக இருக்கும், பயப்படாதீர்கள்.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். தைராய்டு மந்தமாகிவிட்டது, அதனால் உடம்பில் எல்லாமே மெதுவாகிவிட்டது என்றார். நான் என் நீலத்தைப் பற்றிச் சொன்னேன். ஆவாரம் பட்டையைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

"உங்க சர்க்கரை குணமாகலம்மா," என்றார். "உடம்புக்குள்ள அடுப்பு அணைஞ்சிட்டு வருது. எல்லாம் மெதுவாயிட்டதால நீங்க போட்ட இன்சுலினும் சீக்கிரம் செலவாகாம ரத்தத்திலேயே நிக்குது. அதான் சர்க்கரை எறங்கிப் போச்சு. அதான் மயக்கமும்."

"அப்போ அந்த நீலம்?"

"நீலம் நிஜந்தான். அது ஆரோக்கியம் இல்ல."

யாராவது என்னை அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. மெதுவாகிப்போன அந்த மூளைக்கும் அது உடனே புரிந்தது. தைராய்டுக்கு ஆயுசுக்கும் மாத்திரை என்றார். அதைச் சாப்பிட்டால் சர்க்கரை திரும்ப வருமா என்று கேட்டேன். வரும் என்றார். இன்சுலின் கூட்ட வேண்டியிருக்கும் என்றார். சாப்பிடாவிட்டால்? இன்னும் மெதுவாகும், ஒரு நாள் காலையில் தேன் தடவினாலும் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார்.

வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மாத்திரை வேண்டாம் என்றுதான் இருந்தது. நீலத்தைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன். அதை என் கையாலேயே செங்கல் நிறமாக்கச் சொல்கிறார்கள். இப்படியே மெதுவாகக் கிடந்துவிட்டுப் போகலாம், யாருக்கும் தொந்தரவில்லை, எல்லோருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நோயே அப்படித்தான் யோசிக்க வைக்கும். அது நம் யோசனை இல்லை, நோயின் யோசனை. உங்களுக்கும் வரும். நம்பாதீர்கள்.

சவரிமுத்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனுஷன்.

"நீ சாந்தமா செத்துப் போறதுக்குப் பதிலா," என்றார், "சண்ட போட்டுக்கினு சக்கரையோட கெட. எனக்கு அது போதும்."

மாத்திரையை வாங்கி விழுங்கினேன்.

அது விலங்குகளின் தைராய்டை உலர்த்திப் பொடித்துச் செய்தது. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். முதலில் மாத்திரையை உடைத்துச் சின்னத் துண்டுதான் கொடுத்தார்கள். நீண்ட நாள் தூங்கிய இருதயத்தை ஒரேயடியாக உலுக்கக்கூடாதாம். நெஞ்சு படபடத்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். உங்களுக்கும் அப்படித்தான் செய்வார்கள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நீங்களாக அதிகம் விழுங்காதீர்கள்.

மலைக்குத் திரும்பினேன். டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது. ஒரு நாள் ஆரஞ்சு. நாத்தனார் குழாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இங்கிலீஷ் மருந்து என் கஷாயத்தை முறித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். முன்பு கஷாயம் கேட்டு வந்தவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் ஏதோ அவர்களை ஏமாற்றிவிட்டதுபோல.

மாத்திரை கூட்டும்போதெல்லாம் ஊசியும் கூட்ட வேண்டியிருந்தது. சவரிமுத்து போளூர் இறங்கி டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார். சில சமயம் அளவு மிஞ்சி நடுங்குவேன். வெல்லத்துண்டு இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. சுருக்குப் பையில் எப்போதும் கிடக்கும். சில சமயம் அளவு போதாமல் தாகம் எடுக்கும். இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பழக்குவதுபோல. ஒன்று இழுத்தால் மற்றது நிற்கும். பழகும்வரை வண்டிக்காரனுக்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. பழக்கினேன்.

கம்பளி முதலில் போனது. ஒரு நாள் மத்தியானம் வேர்த்தது. சர்க்கரைத் தாழ்வு என்று பயந்து வெல்லத்தை வாயில் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது வெறும் வெயில். மனுஷருக்கு வெயிலில் வேர்க்கும் என்பதே மறந்துபோயிருந்தது. முகம் வடிந்து கன்ன எலும்பு வெளியே வந்தது. புருவம் முளைத்தது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த வேகத்திலேயே முடித்தேன்.

குழாயில் நிறம் மஞ்சளிலிருந்து இறங்கிப் பச்சையில் நின்றது. இன்னும் கூட்டி நீலத்துக்குக் கொண்டுபோகட்டுமா என்று ஆள்மூலம் கேட்டதற்கு, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத மலையில் இருக்கிறவளுக்கு லேசான பச்சையே பத்திரம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்று நாத்தனார் வந்திருந்தாள். குழாயை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள். வழக்கம்போல ஏதோ குத்திப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"பச்சையே போதும் சகாயம்," என்றாள். "உன் மூஞ்சி மறுபடியும் உன் மூஞ்சியா கீது."

அவள் இன்னும் பட்டை அனுப்புகிறாள். வேண்டாம் என்று சொல்வதில்லை. கடுக்காயோடு சேர்த்துத் தோல் வேலைக்கு அனுப்பிவிடுகிறேன்.

லாரி ஏஜெண்ட் அடுத்த கடுக்காய்க் காலத்தில் வந்தான். போன தடவை வாயைத் திறக்காத பெண்பிள்ளை என்று தைரியம். மூட்டையை மாட்டியதும் முழங்காலைக் கொடுத்தான்.

அடிவயிற்றிலிருந்து சூடாக ஒன்று கிளம்பி, நெஞ்சு வழியாகத் தொண்டைக்கு ஏறியது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. நினைப்பும் வாயும் ஒன்றாக வந்தன.

"முட்டியை எட்றா," என்றேன். "கடுக்காயை எட போடுறியா, உன் காலை எட போடுறியா? காலை வெட்டித் தட்டுல வெய்யி, அதையும் சேத்து வாங்கிக்கிறேன்."

எதிர் மேட்டில் ஆட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காலை இழுத்துக்கொண்டான். நான் நிறுத்தவில்லை. ஒரு வருஷத்துப் பாக்கி இருந்தது.

கடைக்குள்ளே சவரிமுத்து மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தார். அளவுக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. லாரி போனபிறகு துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டா? அந்த ஊசி தானா உழல. நாந்தான் போட்டு ஒடச்சேன்."

"இன்னா?"

"பழைய ஊசி ஒண்ணு என் பையில மறச்சி வெச்சிருந்தேன். நீ கத்துறியா இல்லியான்னு பாக்கத்தான் ஒடச்சேன். கத்தல. அதான் பயந்துட்டேன்."

நல்ல ஊசி. பிஸ்டன் இறுக்கமாக, வழுக்காமல் இருந்த ஊசி. இப்போதிருப்பது ஒழுகுகிறது. அதை வேண்டுமென்றே கல்லில் போட்டு உடைத்திருக்கிறார். கரண்டியைப் போட்டிருக்கக்கூடாதா? சட்டியை உடைத்திருக்கக்கூடாதா? இதையெல்லாம் கேட்டேன். உரக்கத்தான் கேட்டேன். அவர் அப்பா, தாத்தா வரைக்கும் போனேன். அவர் மூட்டைமேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு, பூசையில் உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்தை யோசித்தால் எனக்கு நாள் கிழமை ஒன்றும் நினைவில்லை. ஈரமான பஞ்சுபோல ஒரே பொதியாக இருக்கிறது. எந்த நாள் எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. இப்போது பொழுது துண்டு துண்டாக இருக்கிறது. விடிந்ததும் மாத்திரை, பிறகு குழாய், ஊசி, சோறு, வெல்லம் இருக்கிறதா என்று சுருக்குப் பையைத் தொட்டுப் பார்ப்பது. ஆயுசுக்கும் இப்படித்தான். பாரம்தான், ஆனால் ஒவ்வொரு துண்டும் எனக்குத் தெரிந்து போகிறது. சில நாள் ஸ்டூலில் முழங்காலிட்டு நின்று, குதிகாலுக்கு மேலே தராசின் சின்ன எடைக்கல்லால் அவரை லேசாகத் தட்டச் சொல்வேன். பாதம் துள்ளிவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். அந்த வேகத்தைப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

எப்போதாவது யாரையும் திட்டாமல் ஒரு பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்கு விளக்கேற்றியதும் அவர் அதை என் பக்கத்தில் கொண்டுவந்து தூக்கிப் பிடித்து என் முகத்தையே பார்ப்பார்.

"இன்னா பாக்கிறீங்க? கழுதைக்கு லாடம் அடிக்கப் போறீங்களா?" என்பேன்.

"ஒண்ணுமில்ல," என்று விளக்கைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டுவார்.